மாப்பிள்ளையையும் பம்பையும் திரும்பப் பெற்றுக்கொள்வது குறித்து

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சௌக்கியம். உன் கணவர் எங்களைவிடச் சௌக்கியம். நீயும் உன் தையல் மெஷினும் அங்கே தடையில்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அவரைப் பத்தின்னா வெச்சுடறேன் அண்ணா" என்று சொல்லி, சொன்னபடியே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையும் நீ பாதியில் மடித்து வைப்பாய், தெரியும். ஆனால் மிச்சம் அதே மேஜையில்தான் கிடக்கும், ரெண்டு பட்டன் தைத்த பிறகு மனசு கேட்காமல் எடுத்துப் படிப்பாய். சின்ன வயசிலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. பம்பையும்.

அவர் வந்த அன்றைக்கு நான் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று, அதன்மேல் கை வைத்தபடி மாப்பிள்ளை, ஊருக்குப் புதிதாக வந்த கன்றுக்குட்டியை மிரளாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் மாதிரி. உன் அண்ணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, முகமெல்லாம் மலர்ந்து போய் "உங்க தங்கச்சி நமக்கு வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பியிருக்கா" என்றாள். எங்கள் பழைய மெஷின் துணியைத் துவைக்காமல் மிரட்டி மட்டும் அனுப்புகிறது என்று போன தடவை உன்னிடம் புலம்பினாளாம், அது உன் மனசில் தைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். மாடிக்கு ஏற்றும்போதே இடமெல்லாம் ஒழித்து, தரையைத் துடைத்து, பழைய மெஷினை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டாள். தார்ப்பாயை உருவினால் உள்ளே இரும்புச் சிலிண்டரும் பல் சக்கரமும் அழுத்தம் காட்டும் டயலுமாக ஒரு ராட்சசன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "இதுல துணிய எங்க போடறது?"

"துணி போட்டா கிழிஞ்சிடும் அக்கா," என்றார் மாப்பிள்ளை, ரொம்பப் பணிவாக.

அது கிழிக்கும் என்பது உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூட ஆர்டருக்கு நீ தைத்து அடுக்கியிருந்த முழுக்கால் சட்டைகள் அத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் அரைக்கால் சட்டைகளான கதையை அவர் எங்களிடம் சொல்லவில்லை. "வீட்ல இடம் கொஞ்சம் பத்தலை மச்சான், ஒரு வாரம் இங்க வெச்சுக்கலாமா" என்று மட்டும்தான் கேட்டார். நானும் சரி என்றேன். எந்த வாரம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் வேலை பார்த்த பட்டறையில் தண்ணீரை ஊசிமுனை மாதிரி பாய்ச்சிக் கண்ணாடியையும் தகட்டையும் வெட்டுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பட்டறையை மூடியபோது மற்றவர்களெல்லாம் நாற்காலி, ஃபேன் என்று வாங்கிக்கொண்டு போக, உன் வீட்டுக்காரர் பம்பை வாங்கினார். அந்தப் பம்பிலிருந்து வருகிற தண்ணீர் நாசில் என்கிற ஒரு குட்டி முனை வழியாக வெளியே வருகிறது. அதில் துளை இருக்கிறது என்று அவர் சொல்கிறார். நான் கடை லென்ஸை வைத்துப் பார்த்துத்தான் நம்பினேன். அந்தத் தண்ணீர் போய்க் கண்ணாடியில் மோதுகிற வேகத்தில், உரசி உரசி அந்த இடத்தில் மின்சாரம் ஏறி, பக்கத்தில் இருக்கிற காற்றே வளையமாக ஒளிர ஆரம்பிக்கிறதாம். நெருப்பு இல்லை, பல்பு இல்லை, ஒயர் இல்லை. அதற்குப் பிளாஸ்மா என்று பேர். இதையெல்லாம் அவர் சாப்பாட்டு மேஜையில் தம்ளரையும் ஸ்பூனையும் வைத்து விளக்கினார். உன் அண்ணி கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு "சரி, அதை எங்க வெச்சு செய்யப் போறீங்க?" என்றாள். எங்கள் வீட்டில் தண்ணீர் வந்து, தண்ணீர் போய், இருட்டாக்கவும் முடிகிற அறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பது அந்தக் கணத்தில்தான் மூன்று பேருக்கும் உறைத்தது.

அன்றிலிருந்து எங்களுக்குக் குளியலறை இல்லை. ஜன்னலில் கம்பளி அடித்தாகிவிட்டது. கதவு இடுக்கில் என்னுடைய பழைய பேன்ட். பம்ப் நடையில் நிற்கிறது, ஓடும்போது மேடு ஏறுகிற பஸ் மாதிரி இரைகிறது. உள்ளே தடிமனான, ஊடுருவிப் பார்க்க முடிகிற பிளாஸ்டிக் பலகையில் ஒரு பெட்டி செய்து அதற்குள்தான் தண்ணீரைப் பாய்ச்சுகிறார். அந்த விஷயத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது, பெட்டிக் கதவு பூட்டாமல் பம்ப் ஓடாது, "உள்ள விரலை நீட்டினா விரல் திரும்பி வராது அக்கா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து அண்ணி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போகிறாள். நான் கடைக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில் குளிக்கிறேன். அண்ணி கீழ்வீட்டு நர்ஸம்மா வீட்டில் குளிக்கிறாள். மாப்பிள்ளை எங்கேயும் தனியாகக் குளிப்பதில்லை, வேலையிலேயே நனைந்துவிடுகிறது என்கிறார்.

அந்த நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஜீவன். ஒருநாள் அண்ணி துண்டும் சோப்புமாகக் கீழே போனபோது, தூக்கம் கெட்ட எரிச்சலில் அவர் "மேல என்னதாங்க நடக்குது?" என்று கேட்டிருக்கிறார். உன் அண்ணிக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கம். "எங்க வீட்டு மாப்பிள்ளை பாத்ரூம்ல பிளாஸ்மா எடுக்கிறார்" என்றாளாம். அந்த அம்மாவுக்குத் தெரிந்த பிளாஸ்மா ரத்தத்தில் இருப்பது. முகம் வெளிறிப்போய், "யார்கிட்ட இருந்து எடுக்கிறார்?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி யோசித்து, "இதுவரைக்கும் ஒண்ணும் வரலைங்க, தினமும் முயற்சி பண்றார்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான், செருப்புகூடப் போடாமல் அந்த அம்மா மாடிக்கு ஓடி வந்து குளியலறைக் கதவைத் தட்டு தட்டென்று தட்ட, ரப்பர் ஏப்ரன், ரப்பர் கையுறை, சொட்டச் சொட்ட நனைந்த தலையுமாக உன் கணவர் கதவைத் திறந்து, "வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க, உட்காருங்க" என்றிருக்கிறார். நான் கடையிலிருந்து வருவதற்குள் தெருவில் பாதிப் பேர் எங்கள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

விளக்கம் சொல்லி அனைவரையும் அனுப்பி வைத்தோம். நர்ஸம்மா மட்டும் போகவில்லை. அவருக்கு மாப்பிள்ளை முதலிலிருந்து விளக்கினார், மறுபடியும் தம்ளர், ஸ்பூன். மறுநாள் அவர் வீட்டு ஃபேனிலிருந்து மழை பெய்தது. எங்கள் குளியலறைத் தரை தாங்கவில்லை. குடையைப் பிடித்தபடியே மேலே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், "இன்னிக்காவது வந்துச்சா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

இதுவரை வீட்டுக்குள் நடந்தது. இனி கடை. கண்ணாடி வெட்டிய பட்டறையில் இருந்தவருக்குக் கண்ணாடி விற்கிற மச்சான் அமைந்தது யார் செய்த பாக்கியமோ, கடையில் இருக்கிற உடைந்த லென்ஸ், பழைய லென்ஸ், அளவு தப்பிய லென்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போய்ப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். நான் பேசாமல்தான் இருந்தேன். நம் தெருமுனைப் பல் டாக்டர் பழைய காலத்து மனுஷன், தடிமனான கண்ணாடி லென்ஸ்தான் வேண்டும் என்பார். அவருக்கென்று தருவித்து வைத்திருந்த ஜோடியில் ஒன்றை மாப்பிள்ளை "ஒரு நிமிஷம்" கடன் வாங்கிப் போய், சோதித்து, துடைத்து, பழையபடி உறையில் போட்டு வைத்துவிட்டார். எனக்குத் தெரியாது. ஃப்ரேமில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் டாக்டர் வந்தார். லென்ஸுக்கு நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. "யார் வாயைத் திறந்தாலும் ஒரு பல்லில் வெள்ளையாகத் தெரிகிறது. ரெண்டு பேரிடம் சொத்தை ஆரம்பம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆளுக்கும் அதே இடத்தில் இருந்தபோதுதான் சந்தேகம் வந்தது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சோர்ந்துபோய்ச் சொன்னார். ரெண்டு பேரையும் திருப்பிக் கூப்பிட்டு உங்கள் பல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம், இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு போன் பண்ணினதே இல்லையாம்.

இத்தனைக்கும் வெளிச்சம் என்று ஒன்றை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, தங்கச்சி. அவர் மட்டும் பார்க்கிறார். உள்ளேயிருந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று குரல் கேட்கும், நான் ஒரு பக்கமிருந்து ஓடுவேன், அண்ணி கரண்டியோடு ஓடுவாள், கதவைத் திறப்போம், இருட்டில் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கும். "இப்பதான் இருந்துச்சு" என்பார். ஒரு தடவை அண்ணி சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோது அது திடீரென்று கர்ரென்று இரைந்தது. அதே நேரத்தில் உள்ளே "வந்துடுச்சு". ரேடியோ இரைந்தது என்று அண்ணி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதுதான் சாட்சி என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. அந்த ஒளிவளையம் ரேடியோவை இரைய வைக்குமாம். எங்கள் ரேடியோ அவர் வருவதற்கு முன்பும் இரைந்துகொண்டுதான் இருந்தது என்று அவரிடம் சொல்ல இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

கண்ணில் கோளாறோ என்று நினைத்து அவரைக் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தார். அதோடு நிறுத்தவில்லை, அதற்குக் கீழே பலகை அச்சடித்த அச்சகத்தின் முகவரியையும் படித்தார். அப்படி ஒரு முகவரி அங்கே இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார வைத்தே கேட்டேன். "மாப்பிள்ளை, வீட்ல என்ன நடந்துச்சு? அவ ஏன் போனை எடுக்க மாட்டேங்கறா?"

"போன் எடுக்கலையா? ஆர்டர் நிறைய இருக்கும். அந்த டிரவுசரெல்லாம் மறுபடி தைக்கணும் பாருங்க, என்னாலதான்," என்றார். பிறகு முழுக் கதையையும் சொன்னார். கால்சட்டைகள் பாழான அன்று நீ "ஒண்ணு இந்த வீட்ல அந்தப் பம்ப் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொன்னாயாமே. மறுநாள் காலையில் நீ கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவர் பம்போடு கிளம்பிவிட்டார். மனுஷன் நம்மை விட்டுப் பம்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்து, கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன், "அவளா பம்பான்னு கேட்டா பம்பைத் தூக்கிட்டு வந்துடுவீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "பம்ப் அங்க இருக்கக் கூடாதுன்னு சொன்னா மச்சான். அதான் எடுத்துட்டு வந்தேன். அது தனியா வருமா?"

அவர் தொடர்ந்தார். "அவ சொன்னதும் நியாயம்தானே. வேலை செய்யற எடத்துல இதை வெச்சுக்கலாமா? இங்க ஒரு தடவை சரியா வரவெச்சுட்டேன்னா அவளைக் கூப்பிட்டுக் காட்டிட்டு பம்பை வித்துடுவேன். அவளுக்குத்தான் தெரியுமே."

உனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரை நீ துரத்திவிட்டதாக ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது, துரத்தப்பட்டவருக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை.

ஏன் இந்த வெளிச்சத்துக்காக இப்படி அல்லாடுகிறார் என்றும் கேட்டேன். பட்டறையில் ஒரு தடவை கரண்ட் போனபோது, பம்பில் மிச்சமிருந்த அழுத்தத்தில் தண்ணீர் கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருந்ததாம், அந்த இருட்டில் ஊதா நிறத்தில் ஒரு வளையத்தைப் பார்த்தாராம். கல்யாணமான புதிது. வீட்டுக்கு ஓடி வந்து உன்னிடம்தான் முதலில் சொன்னாராம். நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். "தண்ணியில வெளிச்சமா, எங்க அண்ணன் கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றாயாம். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "அவ அன்னிக்குச் சிரிச்ச மாதிரி அப்புறம் சிரிக்கவே இல்ல மச்சான், வேலை ஜாஸ்தி. காட்டினா திரும்பச் சிரிப்பாளோ என்னவோ" என்றார். இதைச் சொல்லும்போதும் அச்சகத்தின் முகவரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வெளிச்சமும் இல்லை ஒன்றும் இல்லை, பாவம், ஆசையில் அவர் கண்ணுக்குத் தோன்றுகிறது. நீ ஒரு நடை வந்து, "நம்பறேங்க, நீங்க பார்த்தது நிஜம்தான், வாங்க வீட்டுக்குப் போகலாம்" என்று ஒரே ஒரு பொய் சொல்லிவிடு. அவர் சந்தோஷமாக வந்துவிடுவார். பம்பைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடலாம். எங்கள் குளியலறை எங்களுக்குக் கிடைக்கும், நர்ஸம்மா தூங்குவார், டாக்டர் சொத்தையைப் பார்த்துச் சொத்தை என்று சொல்வார். ஒரு பொய்யில் இத்தனை பேர் பிழைப்பார்கள்.

உன் ஊசியில் நூல் முதல் தடவையிலேயே நுழையட்டும். அளவு கொடுத்தவர்கள் தைத்து முடிக்கும்வரை பெருக்காமல் இருக்கட்டும். கையும் கண்ணும் நோகாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அண்ணன்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், நேரமில்லை, மாப்பிள்ளை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பி நிற்கிறார். நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டுகிறேன், மாப்பிள்ளை கதவிடுக்கில் தலையை நீட்டி "ஒரே ஒரு தடவை மச்சான்" என்றார். கடைப் பரணில் கிடந்த தடிமனான ஒரு கண்ணாடித் துண்டு கிடைத்திருக்கிறது, இது பொருந்தும் என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது, பையில் அவரைப் பற்றிய கடிதம் வேறு. சரி என்று உள்ளே போனேன். போன பிறகுதான் எனக்கே உறைத்தது. வெயிலிலிருந்து வந்தவுடன் இருட்டில் கண் தெரியாது, பொறுத்திருக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். இத்தனை நாளாக நாங்கள் வெளிச்சத்திலிருந்து ஓடி வருவோம், கதவை அகலத் திறப்போம், ஒரு கணம் பார்ப்போம், திரும்பிவிடுவோம். அவரோ உள்ளேயே மணிக்கணக்காக இருட்டில் இருப்பவர்.

அண்ணியைக் கூப்பிட்டேன். நர்ஸம்மா தானாகவே வந்தார். கதவைச் சாத்தி, துணி வைத்து அடைத்து, நான்கு பேரும் சும்மா உட்கார்ந்தோம். அண்ணி கவிழ்த்த வாளிமேல், நர்ஸம்மா ஸ்டூலில், நான் ஈரத்தரையில். ரொம்ப நேரம். இருட்டில் அண்ணி எல்லாக் குறைகளையும் ஒரு தடவை சொல்லி முடித்தாள். நர்ஸம்மா குறட்டை விட ஆரம்பித்தார், எழுப்பினோம். பிறகு மாப்பிள்ளை பம்பைப் போட்டார்.

தங்கச்சி, அது இருக்கு. தண்ணியும் கண்ணாடியும் தொடற எடத்துல, நீலமா ஊதாவான்னு சொல்ல முடியாத ஒரு வளையம். சின்னதுதான், பொம்மைக்கு மோதிரம் போட்டா இருக்குமே, அத்தனைதான். தண்ணி அந்த வேகத்துல அடிக்குது, இது மட்டும் அசையாம அங்கேயே இருக்கு. உன் அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, காதுகிட்ட வந்து, "ஏங்க, அது அங்க இருக்கா, இல்ல எனக்கு மட்டும் தெரியுதா?" என்று கேட்டாள். "எனக்கும் தெரியுது" என்றேன். "எனக்கும்" என்றார் நர்ஸம்மா. மாப்பிள்ளை இருட்டில் திரும்பத் திரும்ப, "தெரியுதா? நிஜமாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணிதான் சொன்னாள், "தம்பி, போதும், அணைச்சிடுங்க. இதை அவ பார்க்காம நாம பார்த்துக்கிட்டு இருக்கறது நல்லா இல்ல."

ஆகவே நீ அவரைக் கூட்டிப் போக வர வேண்டாம். அவரே உன்னைக் கூட்டி வர வருகிறார், இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. ஒட்டித்தான் கொடுக்கிறேன், உன் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டு வாசலில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், படித்து முடித்துவிட்டுக் கதவைத் திற. பம்ப் இங்கேயே இருக்கட்டும். இரும்புக்காரன் பேச்சை எடுத்தேன், அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள், விட்டுவிட்டேன். நம்பறேன் என்று பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இப்போது இல்லை, வந்து பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்.

ஒரு விஷயம் மட்டும். "அவளைப் பார்த்ததும் முதல்ல என்னக்கா சொல்லணும்?" என்று அவர் அண்ணியிடம் கேட்டார். "வெளிச்சத்தை அப்புறம் சொல்லிக்கலாம், முதல்ல சாப்பிட்டியான்னு கேளுங்க" என்று அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நடையில் நடந்துகொண்டே அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்கு இங்கே கேட்கிறது. அவர் கேட்கும்போது நீ சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடு.